திருப்பி அனுப்பிய வெற்றிலை

என் கையெழுத்து நேராக நிற்காது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி பல வருடம் நெல் அவித்து விற்றவள். உமிப் புகைக்குள் நின்று நின்று நெஞ்சு கெட்டுப்போனது. இது முற்றாக மாறாது, மருந்தோடு சமாளிக்கலாம் என்று கிளினிக்கில் சொல்லி, வாயில் வைத்து இழுக்கும் பம்ப் தந்தார்கள். அவளுக்கு இளைப்பைவிட, இளைப்பு வந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது. கிணற்றடிக்குப் போகவும் யோசிப்பாள்.

ஆரையம்பதியில் எங்கள் தெருவில் நல்ல காரியம் என்றால் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை ஒலி எழுப்புவார்கள்; முதல் குரவை அவளுடையது. வாவியில் தோணிக்குள் இருந்தபடியே அவள் குரலை நான் அடையாளம் கண்டிருக்கிறேன்.

இந்த வருடம் ஆவணியில் எதிர்வீட்டுக்காரி, மகளின் கலியாணத்துக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு வந்தாள். நான் வாசல் படலையிலேயே மறித்தேன்.

"அவவுக்கு ஏலாது தங்கச்சி. சபையில இளைச்சா வெக்கம். கூப்பிடாதங்க."

அவள் தட்டோடு திரும்பிப் போனாள். நல்லது செய்ததாகவே நினைத்தேன். மனைவி உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள்.

"என்ட படலையில நிண்டு, எனக்கு வந்த வெத்திலையத் திருப்பி அனுப்பிட்டீங்களே" என்றாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. நான் அங்கே வந்து சேர்ந்தவன்.

அன்றிலிருந்து சோறு குறைந்தது. பம்பைத் தொடவில்லை. கிளினிக்கில் தாதியிடம் சொன்னேன்.

"மருந்து மட்டும் காணாது ஐயா. மனம் சோர்ந்து போயிருக்கு. ஆக்களோட இருக்க விடுங்க" என்றார்.

கலியாணத்துக்கு முதல்நாள் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரியே விளங்கிக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டுக்குள் வந்தாள்.

"எழும்புங்க அக்கா. குரவை போட நாங்க இருக்கம். நீங்க கதிரையில இருந்து எங்களுக்குப் பிழை புடிச்சாப் போதும். அது உங்களுக்குக் கைவந்த வேலதானே!"

மனைவி சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பானது. மூச்சு அடங்கியதும் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.

"அவர் சொன்னது சரிதான் புள்ள. சபையில இளைச்சா வெக்கம்."

அவள் போகவில்லை. மறுநாள் எதிர்வீட்டில் குரவை எழுந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு மட்டும் மெல்ல அசைந்தது. சத்தம் இல்லை.

பக்கத்தில் போய் இருந்தேன். நான் சொன்னது பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. அவளுக்கு வாசித்துக் காட்டலாம் என்றுதான் இதை எழுதினேன்.

கார்த்திகை மாதம் 14ஆம் திகதி, வெள்ளிக்கிழமை.