நான் உட்கார நினைத்த அறை

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். தாதியாகி, பிறந்த ஊரான சுங்கை சிப்புட்டுக்கே வேலைக்கு வந்தேன். பாலியல் நோய்களைப் பரிசோதிக்க, தாதியரே நடத்தும் சிறு கிளினிக் ஒன்றைத் தோட்டத்து மக்களுக்காகத் திறக்கத் திட்டமிட்டோம். பரிசோதனை அறையில் நான்தான் உட்காருவேன் என்று நம்பியிருந்தேன். ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியுமே!

கூட்டத்தில், லகாட்டிலிருந்து மாற்றலாகி வந்த தாதி தேவியை அந்த அறைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு வாசலில் இரத்த அழுத்தம் பார்க்கும் மேசை. கைதட்டினேன், வயிறு எரிந்தது. இங்கே ஒரு வீட்டுக்காவது அவருக்கு வழி தெரியுமா?

அன்று மாலை என்னோடு வளர்ந்த குமார் மோட்டாரை நிறுத்தினான்.

"மச்சான், கிளினிக் எப்ப திறக்குறீங்க? அந்த லகாட் மிஸிதானே உள்ள இருப்பாங்க?"

"ஏன்டா, நானும் தாதிதானே? என்கிட்ட சொல்லு."

"நீ வேறலா! எங்கம்மா கையால சாப்பிடுறவன். உன்கிட்ட போயி எப்படிக் காட்டுறது?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அடுத்த மாசம் கல்யாணம் மச்சான். அதுக்குள்ள பாத்துடணும். பயமா இருக்கு."

"செவ்வாய்க்கிழமை வா. தேவிதான் இருப்பாங்க" என்றேன்.

பொறாமை தணியவில்லை, கூடியது. ஊரே அறிந்த எனக்குக் கிடைக்காத நம்பிக்கை, யாரையும் அறியாத அவருக்குக் கிடைத்துவிட்டதே! ஆனாலும் மறுநாள் என் மேசையை வாசலிலிருந்து எடுத்துப் பின்னறையில் போட்டுக்கொண்டேன். என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டுமென்றால், குமார் வரவே மாட்டான்.