குப்புராஜின் டயரில் இருந்த காற்று

கோபப்படுவதற்கென்று பல்லாவரத்தில் ஓர் அரசாங்க உத்தியோகம் இருந்திருந்தால், அது விண்ணப்பம் போடாமலே குப்புராஜுக்குக் கிடைத்திருக்கும். தகுதி, அனுபவம் இரண்டும் அவரிடம் தாராளமாக இருந்தன. பால்காரரிடம் கோபம், ரேஷன் கடை தராசிடம் கோபம், எதிர்க்காற்றிடம் தனிக் கோபம். இதற்காக அவரைக் குறை சொல்லக் கூடாது. அவர் செய்த தொழில் அப்படி.

வருஷத்தில் எட்டு மாதம் தோல் ஷெட்டில் தோல் உலர்த்துவார். மீதி நாலு மாதம் சைக்கிள் சுற்றுவார். மைதானத்தின் நடுவே ஒரு மூங்கில், மூங்கிலில் நாலு ட்யூப்லைட், ஓயாமல் பாடும் ஒலிபெருக்கி. அதைச் சுற்றி ஏழு பகல், ஏழு இரவு, கால் தரையில் படாமல் சைக்கிளை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சோறு சைக்கிள் மேலே. குளியலும் சைக்கிள் மேலே. தாண்டிப் போகும்போது ஒருவர் வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்ப்பார். ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் பிளேடு, ஹேண்டில்பாரைக் கடவுள் பார்த்துக்கொள்ள, முகச்சவரம். ஏழு நாள் தூங்காத மனிதரிடம் சாந்தம் எதிர்பார்க்கிறவர்கள் ஒரே ஒரு நாள் தூங்காமல் இருந்துவிட்டு வந்து பேசலாம்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் நாள் முடியுமுன் இறங்கியது ஒரே தடவை. கூடுவாஞ்சேரியில், சொந்த சைக்கிள் பழுதாகிக் கிடந்ததால், வாடகை சைக்கிளில் ஏறினார். அந்த சீட் அவருக்கு அறிமுகம் இல்லாத சீட். மூன்றாம் நாள் தொடையெல்லாம் கொப்புளம். நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். "தூக்கித்தான் எறக்குனாங்கோ. நானா எறங்கல" என்பார் குப்புராஜ், யாரும் கேட்காமலே. அன்றிலிருந்து அவர் எதிரில் வாடகை சைக்கிள் என்ற சொல்லை உச்சரிப்பவர்கள் ஓடுவதற்கு வழி பார்த்து வைத்துக்கொண்டு உச்சரித்தார்கள்.

எண்பத்தேழாம் வருஷம் அந்தமானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. போர்ட் பிளேரில் இருந்த நம் ஜனங்கள் ஓர் அம்மன் கோயிலுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு குப்புராஜ் சைக்கிளில் ஏற வேண்டும். அவர் போட்டோ போட்ட நோட்டீஸ் தீவு முழுக்க ஒட்டியாகிவிட்டது. கப்பலில் வந்தால் நாலு நாள் ஆகும் என்பதால் சனிக்கிழமை காலை விமானத்துக்கு அவருக்கு மட்டும் ஒரு டிக்கெட் வைத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்த விமானம் செவ்வாய்க்கிழமை.

டிக்கெட்டை முதலில் எடுத்துப் படித்தது ஜெயவேலு. குப்புராஜின் மனைவி பச்சையம்மாவுக்குத் தம்பி. ஆட்டத்துக்கு மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிறவர். மைக் கையில் இல்லாத நேரத்திலும் மைக் இருப்பதாகவே நினைத்துக்கொள்வார். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"மாமா, காப்பை இங்கியே கட்டிக்கினு போயிடலாம். அந்தத் தீவுல பூசாரி கீறாரோ இல்லியோ, யாரு கண்டா."

அழைத்திருப்பதே ஒரு கோயில் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சனிக்கிழமை காலை பல்லாவரத்திலேயே பூஜை போட்டு, குப்புராஜின் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு, சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியாகிவிட்டது. இந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. காப்புக் கட்டிய சைக்கிளில் ஆட்டம் முடியும்வரை காற்றை இறக்கக் கூடாது, ஒரு நட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. இதை யார் எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. விமானக் கம்பெனிச் சட்டத்தை யார் எழுதினார் என்பதும்தான் தெரியாது.

குப்புராஜ் மீனம்பாக்கம் வரை சைக்கிளிலேயே போனார். பச்சையம்மாவும் ஜெயவேலுவும் வழியனுப்ப, அவர் கையில் கொண்டுபோக வேண்டிய தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்தார்கள்.

கவுண்டரில் ஸ்ரீநிவாசராகவன் இருந்தார். குரோம்பேட்டைக் காலனிவாசி. மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, மேஜை மேல் ஒரு தடித்த புத்தகம். மாலை போட்ட சைக்கிளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ன?"

"சைக்கிளு."

"தெரியறது. எதுக்குன்னு கேட்டேன்."

"ஓட்றதுக்கு."

உரையாடல் இந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டப்பட்டது. ஒருவருக்கு இருபது கிலோதான் இலவசம். சைக்கிள் இருபத்திரண்டு இருந்தது. குப்புராஜ் மாலையையும் எலுமிச்சம்பழச் சரத்தையும் கழற்றிப் பச்சையம்மா கழுத்தில் போட்டார். இருபதரை. அரைக் கிலோவை ஸ்ரீநிவாசராகவன் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார். அதோடு அவரிடமிருந்த பெரிய மனது தீர்ந்துபோயிற்று. புத்தகத்தைத் திறந்தார்.

"ஹேண்டில்பாரைத் திருப்பி வைக்கணும். பெடல் ரெண்டையும் கழட்டணும். ரெண்டு டயர்லயும் காத்தை இறக்கிடணும்."

"காப்புக் கட்டியாச்சு சார். காத்த எறக்க முடியாது."

"காப்புங்கறது புக்ல இல்லை."

"எங்கிட்ட புக்கு இல்ல சார். காப்பு கீது. இன்னாத்துக்கு எறக்கணும், அதச் சொல்லு."

"மேல போனா ப்ரெஷர் மாறும். டயர் வெடிச்சுடும்."

குப்புராஜ் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெளியே வெயிலில் விமானம் நின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் கறுப்பாக, தடிதடியாகச் சக்கரங்கள்.

"அத்தோட டயர்ல இன்னா சார் கீது? காத்தா, இல்ல வைக்கோல் அடைச்சி வெச்சிகீறீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அந்தச் சக்கரங்களைப் பார்த்தார்கள். ஸ்ரீநிவாசராகவனும் பார்த்தார். பதினாறு வருஷ சர்வீஸில் அவர் அதை யோசித்ததே இல்லை. ஆனால் உத்தியோகம் பார்த்தவர் பதிலில்லாமல் போவதில்லை.

"அது இன்ஜினியரிங் டிபார்ட்மெண்ட்" என்றார்.

அடுத்து ஒரு ஃபாரத்தை எடுத்தார். சைக்கிளுக்கென்று தனி ஃபாரம் கிடையாது. வாகனங்களுக்கு உண்டு. அதில் மூன்றாவது வரி: டேங்க்கில் பெட்ரோல் இல்லை என்று பயணி கையெழுத்திட வேண்டும்.

"எந்த டேங்க்கு?" என்றார் குப்புராஜ்.

"ஃபாரத்துல டேங்க்னு போட்ருக்கு சார். நான் என்ன பண்ணட்டும்."

குப்புராஜ் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இதான் டேங்க்கு. காலைல நாலு இட்லி போட்டுகினு வந்தேன். எய்திக்க."

பின்னால் இருந்த ஒரு சபாரி சட்டைக்காரர் சிரித்தார். சட்டத்தைப் பார்த்து ஒருவர் சிரிப்பதை ஸ்ரீநிவாசராகவனால் பொறுக்க முடியவில்லை. புத்தகத்தை மூடினார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். அடுத்து அவர் சொன்னதை உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

"சைக்கிளைக் கார்கோல போட்டுடுங்கோ, செவ்வாய்க்கிழமை வந்துடும். நீங்க இப்பப் போங்கோ. அங்க ஒரு வாடகை சைக்கிள் கிடைக்காதா என்ன?"

ஜெயவேலு கண்ணை மூடிக்கொண்டார். தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பச்சையம்மா எழுந்து நின்றாள்.

குப்புராஜ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கார்கள் வந்து ஆட்களை இறக்கிவிடும் அந்த அகலமான இடத்தில் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். சுற்றத் தொடங்கினார்.

"எஞ்சைக்கிள் ஏறாம நா எறங்க மாட்டேன். எவன் வந்து எறக்கறான், பாக்கறேன்."

இதுவரை நடந்ததெல்லாம் ஒரு பயணிக்கும் ஒரு கம்பெனிக்கும் உள்ள தகராறு. அதைப் பெரும் சிக்கலாக மாற்றியவர் ஜெயவேலு. குப்புராஜ் சைக்கிளில் ஏறினால் தானாக வாய் திறக்கும் பழக்கம் அவருக்குப் பத்து வருஷமாக இருந்தது. உள்ளங்கையை வாயருகே குவித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"அன்பார்ந்த பொதுமக்களே, இதோ, காப்புக் கட்டிய கரத்தோடு நமது மாவீரர் குப்புராஜ் அவர்கள் தமது ஏழு பகல், ஏழு இரவுப் பயணத்தை இக்கணம் துவக்கிவிட்டார்கள். பாதம் மண்ணில் படாது. தாய்மார்களே, குழந்தைகளைச் சற்றுப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்."

மஸ்கட் போகும் மாப்பிள்ளைகளை வழியனுப்ப வேனில் வந்திருந்த கும்பல் அப்படியே திரும்பியது. அழுதுகொண்டிருந்தவர்கள் பிறகு அழுதுகொள்ளலாம் என்று நிறுத்தினார்கள். ஒரு கிழவர் ஓடிப் போய் குப்புராஜின் சட்டையில் ஓர் இரண்டு ரூபாய் நோட்டைக் குத்தினார்.

ஏட்டு தேவானந்தம் லத்தியோடு வந்தார். "யோவ், இது ஏர்போர்ட்டு. எறங்குய்யா."

"காப்புக் கட்டியாச்சு ஏட்டய்யா. எறங்குனா குத்தம்" என்றார் ஜெயவேலு.

ஏட்டு யோசித்தார். பொழிச்சலூர்க்காரரான அவர் இந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர். குப்புராஜ் பக்கத்தில் வந்தபோது கூடவே நாலடி ஓடி, தாழ்ந்த குரலில், தமிழ்நாட்டு ஜனங்கள் சைக்கிள் வீரர்களைக் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியைக் கேட்டார்.

"ஏம்ப்பா, ஏழு நாளைக்கு ஒண்ணுக்கு ரெண்டுக்கு வந்தா இன்னா பண்ணுவே?"

"அது வேற டிபார்ட்மெண்ட்டு" என்றார் குப்புராஜ், ஸ்ரீநிவாசராகவன் இருந்த திசையைப் பார்த்து.

அரை மணி நேரம் ஆயிற்று. கார்கள் வாசலில் நிற்க இடமில்லாமல் ரோடுவரை வரிசை கட்டின. மாடியில் இருந்த மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். டயர் வெடித்து விமானத்துக்குச் சேதம் வந்தால் நானே பொறுப்பு என்று பயணி எழுதிக் கொடுத்தால், காற்றோடும் பெடலோடும் அப்படியே ஏற்றலாம். நாலு பிரதி.

ஸ்ரீநிவாசராகவன் தாளோடு வந்தார். குப்புராஜ் நிறுத்தவில்லை. ஸ்ரீநிவாசராகவன் தடித்த புத்தகத்தைப் பலகையாகப் பிடித்தபடி பக்கத்திலேயே ஓட, குப்புராஜ் ஓட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒரு சுற்றுக்கு ஒரு பிரதி. நாலாவதில் ஸ்ரீநிவாசராகவனுக்கு மூச்சு வாங்கியது. கும்பல் கை தட்டியது.

"முடிஞ்சுது. இறங்குங்கோ. கேட்டை மூடப் போறா."

குப்புராஜ் இறங்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினார். மறுபடி ஒன்று.

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஜெயவேலுவுக்குத் தான் செய்த காரியம் புரிந்தது. ஏழு பகல் ஏழு இரவு என்று பொதுமக்கள் முன்னால் அறிவித்தாயிற்று. நோட்டும் குத்தியாயிற்று. இப்போது இறங்கினால், ஏறின ஒரு மணி நேரத்துக்குள் தானாக இறங்கியவன் என்று ஆகிவிடும். இறங்காவிட்டால் சைக்கிள் ஏறாது, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தீவில் அவர் போட்டோவுக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். விமானக் கம்பெனிச் சட்டத்தை மடக்கிவிட்டு, குப்புராஜ் தன் சட்டத்தின் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் இவனால" என்றார், ஜெயவேலுவைத் தாண்டும்போது. அடுத்த சுற்றில், "பொழச்சி வந்தேன்னா உன்ன வெச்சிகிறேன் மச்சான்" என்றார்.

பச்சையம்மா கழுத்தில் மாலையோடு நடந்து வந்து, சுற்றுப் பாதையின் நடுவில் நின்றாள். குப்புராஜ் பிரேக் பிடித்தார். ஆனால் காலை ஊன்றவில்லை. சைக்கிளை அசையாமல் நிறுத்தி வைக்கும் வித்தை அவருக்குத் தெரியும்.

"கைய நீட்டு" என்றாள்.

"இன்னாடி?"

"கட்ன கயித்த அவுத்தா ஆட்டமே இல்ல. ஆட்டமே இல்லன்னா இன்னா எறங்கறது, ஏறுறது? அங்க அம்மன் கோயிலு தானே? போய் வேற கட்டிக்க."

இதை அன்று காலை ஏழு மணிக்கு யாராவது சொல்லியிருந்தால் கதை மீனம்பாக்கம் வரை வந்திருக்காது. அவள் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்தாள். ஹேண்டில்பார் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். நோட்டைக் கழற்றிக் கிழவரிடம் கொடுத்தாள். குப்புராஜ் இறங்கினார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, நாள் முடியுமுன், யாரும் தூக்காமல், தானாக.

ஸ்ரீநிவாசராகவன் இதையெல்லாம் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அப்போ இனிமே காத்தை இறக்கறதுக்கு ஒண்ணும் தடையில்லையே?"

மேலே இருந்த பிரதியைத் திருப்பிக் காட்டினார்.

"இல்ல, இதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. மதக் காரணம்னு எழுதியிருக்கேன். காரணம் போயிடுத்து. இனிமே ஜெனரல் ரூல்தான்." நாலு பிரதிகளையும் ஒன்றாக வைத்து இரண்டாகக் கிழித்தார். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் கொடுமை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் ஓங்கி ஒன்று வைக்கலாம்.

ஏட்டு தேவானந்தம் முன்னெச்சரிக்கையாக இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். குப்புராஜின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது.

"அந்தாள் மூஞ்சியப் பாக்காத" என்றாள் பச்சையம்மா. "ப்ளேனப் பாரு."

குப்புராஜ் குந்தி உட்கார்ந்தார். பெடலைக் கழற்றினார். ஹேண்டில்பாரைத் திருப்பினார். பிறகு முன் சக்கரத்தின் வால்வைத் திருகினார். காலையில் தன் கையால் அடித்த காற்று சீறிக்கொண்டு வெளியே போயிற்று. பின் சக்கரம். அது இன்னும் நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க அவர் ஸ்ரீநிவாசராகவனையே பார்த்தார். ஸ்ரீநிவாசராகவன் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சைக்கிள் படுத்த வாக்கில் உள்ளே போனது. குப்புராஜ் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அதன் பின்னால் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு போர்ட் பிளேரில் புதுக் காப்போடு ஏறினார். ஏழு நாள் முடிந்தது. கமிட்டித் தலைவர் மாலையோடு காத்திருந்தார். குப்புராஜ் இறங்கவில்லை. எட்டாம் நாள் பந்தலைப் பிரித்தார்கள். ஒன்பதாம் நாள் ஒலிபெருக்கிக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். பாட்டில்லாமல், கூட்டமில்லாமல், மூங்கிலைச் சுற்றி அவர் மட்டும் சுற்றினார். யார் மேல் கோபம் என்று கமிட்டியார் ஒவ்வொருவராக வந்து கேட்டு, ஒவ்வொருவராக மன்னிப்பும் கேட்டார்கள். பதினோராம் நாள் காலையில், மீனம்பாக்கத்தில் இறங்கியதற்கு வட்டியும் முதலும் கட்டி முடித்தவர் போலத் தானாக இறங்கி, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்.

திரும்பும் விமான டிக்கெட்டைக் கமிட்டியிடமே கொடுத்துவிட்டுக் கப்பலில் வந்தார். துறைமுகத்தில் பச்சையம்மா நின்றிருந்தாள். அவளைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் மிதித்தார். மீனம்பாக்கம் வந்ததும் சைக்கிளின் வேகம் மாறியது.

"அந்தாண்ட பாக்காத. ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள் பச்சையம்மா.

"நா எங்க பாத்தேன்?" என்றார் குப்புராஜ், பார்த்துக்கொண்டே.