வீரமுத்து எரிக்காத விறகு

செவ்வாய்க்கிழமை காலை, விடாத மழைக்கு நடுவே வீரமுத்துவின் மகள் கமலாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. "சார், அப்பா போயிட்டாருங்க" என்றார். அவர் பின்னால் தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் கேட்டது. "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடினேன்.

வீரமுத்து அவர்களை அறிந்தவர்கள் சோலூர்ப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அறியாதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்த எழுபதுகளில் அவரும் வந்தார். மனைவி தெய்வானை, கைக்குழந்தை கமலா, ஒரு தகரப் பெட்டி, இரண்டு கம்பளி. மண்டபம் முகாமில் காத்திருந்துவிட்டு நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர்கள். நான் அப்போது எஸ்டேட் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். பள்ளிக்குக் கீழே ஒரு சிறிய பீங்கான் தொழிற்சாலை இருந்தது. கோயமுத்தூர்க்காரர் ஒருவர் நடத்தினார். ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, ஊட்டி மார்க்கெட்டில் விற்கிற பூந்தொட்டி ஆகியவை அங்கே சுடப்பட்டன. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தாயகம் திரும்பியவர்கள். சிலோனில் தேயிலை ஆலையின் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதால் வீரமுத்து விரைவிலேயே சூளைக்குப் போர்மேன் ஆனார்.

சூளை தின்றது சோலை மரம். மலை மடிப்புகளில் ஓடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய காட்டைத்தான் இங்கே சோலை என்கிறோம். பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு: தேயிலைச் செடி தலைமுடி மாதிரி, வெட்டினால் மறுபடி வளரும், சோலை மரம் கடைவாய்ப் பல் மாதிரி, போனால் போனதுதான். நான் சொன்னதை லைன் குழாயும் சொல்லத் தொடங்கியது. கோடையில் தண்ணீர் நூலாக வந்தது. பிறகு வனத்துறை மரம் வெட்ட அனுமதியை நிறுத்தியது. சூளையை மூடிவிட்டால் கடல் தாண்டி வந்த குடும்பங்கள் மறுபடியும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

வழி சொன்னவர் வீரமுத்து. எஸ்டேட்டில் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டும்போது தேயிலைக் குச்சிகள் மலைமலையாக விழும். அதை வாங்கி எரிக்கலாம் என்றார். முதலாளி நம்பவில்லை. "ஏனுங்க, இந்தச் சுள்ளியில ஜாடி வேகுங்களா?" என்று கேட்டார். "சுள்ளியும் நெருப்புத்தானுங்க முதலாளி. போடற கை ஓயாம இருந்தாப் போதும்" என்றார் இவர். ஜாடிகள் நன்றாகவே வெந்தன. சோலைக்குப் போகிற லாரித் தடத்தில் புல் முளைத்தது. ஊட்டியிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். நானும் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய்ச் சூளையைக் காட்டினேன்.

ஆனால் அந்தக் குச்சிகள் அதுவரை யாருக்கும் பயன்படாமல் கிடக்கவில்லை. கவாத்துக் காலத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் ஆளுக்கொரு கட்டுக் கொண்டுபோவார்கள். எஸ்டேட் துரை கேட்கமாட்டார், கங்காணி தடுக்கமாட்டார். அதுதான் லைன் அடுப்புகளுக்கு ஆண்டு முழுவதும் விறகு. விலை என்று ஒன்று வந்ததும் எஸ்டேட் நிர்வாகம் தேயிலைக் காட்டுக்குள்ளேயே காவல் போட்டது. ஒரு பிள்ளையின் பென்சிலை வாங்கி இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால் வகுப்பில் பென்சில் கூடிவிடாது. இது அதிகாரிகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சிலோன் லைனிலேயே பிறந்து வளர்ந்த வீரமுத்துவுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர் அப்போது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். சூளையில் மிஞ்சிய கரியே அவர் வீட்டு அடுப்புக்குப் போதுமாக இருந்தது.

பெண்கள் விறகுக்குச் சோலைக்குப் போகத் தொடங்கினார்கள். பிழிந்த துணிபோல எப்போதும் ஈரமாக இருக்கிற சரிவு அது. வனத்துறைக் கார்டு வருவதற்குள் இறங்க வேண்டும் என்ற அவசரம் வேறு.

ஒருநாள் குழாயடியில் நானும் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். தெய்வானை குடத்தை வைத்ததும் பவளம் என்ற பெண், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"போர்மேன் ஊட்டு அண்ணிக்கு என்ன கவலை? ஜாடி வேகிற நெருப்புல சோறும் வெந்துரும். நம்ம புள்ளைகதான் பச்ச அரிசியக் கடிக்கணும்."

"ஜாடிக்கு இருக்கிற மருவாதி சோத்துக்கு இல்லடி" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தெய்வானை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. குடம் நிறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கு நானும் வர்றேன் பவளம். கயிறு இருந்தா ஒண்ணு எடுத்து வையி" என்றார்.

"அட, சும்மா வாயில வந்துச்சு அண்ணி. நீங்க எதுக்கு?"

"உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

அன்றிலிருந்து அவரும் போனார். வீரமுத்து தடுத்துப் பார்த்தார். "அவ ஊட்டு அடுப்பு எரியாம என் ஊட்டு அடுப்பு எப்படி எரியும்?" என்று தெய்வானை கேட்டாராம். ஆடி மாதத்துச் சாரலில், இறங்கும் வழியில், தலைச்சுமையோடு சறுக்கி விழுந்தார். சுமை பிடரியில் வந்து விழுந்தது. அங்கேயே உயிர் போய்விட்டது. பெண்கள் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பின்னால் பவளம் அந்த விறகுச் சுமையையும் சுமந்து வந்து வாசலில் இறக்கினார். "அண்ணி சொமந்தத அங்கேயே போட்டுட்டு வர மனசு வரலண்ணே" என்று அழுதார். வீரமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காரியங்கள் முடிந்த பிறகு அந்தக் கட்டை அவிழ்க்காமலே அடுப்புக்கு மேலிருந்த பரணில் ஏற்றி வைத்தார்.

சில நாட்கள் கழித்துப் பள்ளிக்கு வந்தார். கமலாவைச் சேர்க்க வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்தார். "மாஸ்டர், நான் காட்டைப் பாத்தேன். அடுப்பப் பாக்கல" என்றார். நான் கமலாவின் பெயரைப் பதிவேட்டில் எழுதினேன்.

அவர் நேராக முதலாளியிடம் போய், குச்சி இனி வேண்டாம் என்றார். முதலாளி கெட்டவர் அல்லர். ஆனால் அவர் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான். "உங்க துக்கம் எனக்குப் புரியுதுங்க வீரமுத்து. சூளைக்கு எதைப் போடறதுங்க? திருட்டு மரத்துக்குப் போகச் சொல்றீங்களா, இல்ல, கதவைச் சாத்திப்போட்டு இத்தனை பேரையும் அனுப்பிரச் சொல்றீங்களா?"

"ஒரு வழி பாக்கறேனுங்க" என்றார் வீரமுத்து.

அவர் பார்த்த வழி, மேட்டில் இருந்த தைலக் கொட்டகை. யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் எடுத்த பிறகு சக்கை குவிந்து மக்கிக் கிடக்கும். கொட்டகைக்காரருக்குத் தேவையானதுபோக மீதியை யார் அள்ளிப்போனாலும் அவருக்கு நிம்மதி. வீரமுத்து அதை உலர்த்திச் சூளையில் போட்டார். இலை காகிதம்போல எரிந்து முடிந்தது. சாம்பல் பறந்து ஜாடிகளின் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டது. சூளையைப் பிரித்தபோது ஒரு ஜாடிகூட விற்கத் தேறவில்லை. "அம்மை போட்ட ஜாடி" என்றார்கள் வேலையாட்கள். முதலாளி இன்னும் ஒரே ஒரு சூளைக்குத்தான் ஒப்புக்கொண்டார். அதுவும் கெட்டால் மூடுவது என்று முடிவாயிற்று. அந்த வாரம் லைனில் பழைய தகரப் பெட்டிகளைத் துடைத்து வைத்தவர்களும் உண்டு.

அடுத்த சூளைக்கு வீரமுத்து மூடியுள்ள மண் பெட்டிகள் செய்து, ஜாடிகளை அவற்றுக்குள் வைத்து அடுக்கினார். டிபன் கேரியருக்குள் சாதம் இருப்பதுபோல. நெருப்பு வெளியே, சாம்பலும் வெளியே. இலையைக் கைக்கொள்ளும் அளவாகப் போட்டுக்கொண்டே இருக்க ஆட்களை முறைபோட்டு நிறுத்தினார். தன் முறை முடிந்தும் அவர் நகரவில்லை. முதல் மூடியைத் திறந்தபோது ஜாடி பழுப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. "இதுல ஊறுகா போட்டுத் தின்னா சளியே புடிக்காது" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வீரமுத்து மட்டும் சூளை வாயைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை வாங்குவதை நிறுத்தியதும் குச்சிக்கு வேறு ஆள் வரவில்லை. காவல் தானாகவே விலகியது. அடுத்த கவாத்தில் பெண்கள் தலையில் கட்டுகளோடு பள்ளியைக் கடந்து போனார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வீரமுத்து பார்த்தார். கடைசிப் பெண் வளைவில் திரும்பி மறையும்வரை நின்றார். அந்த வரிசையில் அவர் தேடிய ஆள் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பின்னாளில் பிளாஸ்டிக் டப்பாக்கள் வந்து தொழிற்சாலை மூடப்பட்டது. வீரமுத்து மறுமணம் செய்துகொள்ளவில்லை. சோலையின் பக்கம் ஒருநாளும் போனதில்லை. "தண்ணி நல்லா வருது மாஸ்டர்" என்று குழாயைப் பார்த்துச் சொல்வார். அதைச் சொல்லும்போது முகத்தில் மகிழ்ச்சி இருக்காது.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது, குளிப்பாட்டத் தண்ணீர் காய வைக்க முற்றத்தில் கல் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே தகரம் பிடித்திருந்தும் விறகு எல்லாம் நனைந்து புகைந்தது. பவளம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குப் பார்வை சரியில்லை. கமலாவைக் கூப்பிட்டு, "பரண்ல இருக்கிறத எடு புள்ள" என்றார்.

"அப்பா அதத் தொட விடமாட்டாருங்க அத்தை."

"தெரியும். அண்ணி அடுப்பெரிக்கத்தான் சொமந்தாங்க. அவருக்குத் தண்ணியாவது காயட்டும்."

கமலா ஏணி வைத்து ஏறி இறக்கினார். கை பட்டதும் கயிறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பல வருடப் புகையில் கறுத்துப்போயிருந்த கட்டைகள் ஒரு துளிப் புகையும் இல்லாமல் எரிந்தன. மழை பெய்துகொண்டே இருந்தது. தண்ணீர் கொதித்தது. மாலையில் அவரைத் தெய்வானைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

வீரமுத்து, நானும் ஒரு செம்பு ஊற்றினேன். தண்ணீர் நன்றாகச் சூடாக இருந்தது. போய் வாருங்கள்.