மணலுக்குப் போட்ட பூசை

எங்கள் தோட்டத்துத் துரைக்கு நீந்தத் தெரிந்திருந்ததால் எனக்கு ஒரு வேலை கூடியது. மலாயாவில் சிகாமட் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே, தம் பங்களாவை ஒட்டி சிமெண்டில் ஒரு நீச்சல் குளம் கட்டிக்கொண்டார். அது முப்பதுகளின் நடுப்பகுதி. நான் ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்ப்பவன். குளத்துப் பம்பும் அதோடு சேர்ந்த மணல் வடிகட்டியும் என் தலையில் வந்து விழுந்தன.

வடிகட்டி என்றால் ஆள் உயர இரும்புப் பீப்பாய், உள்ளே ஆற்று மணல். குளத்துத் தண்ணீர் அதன் மேல்பக்கம் நுழைந்து, மணலில் அழுக்கை விட்டுவிட்டு, கீழ்ப்பக்கம் வெளியேறிக் குளத்துக்கே திரும்பும். மணல் அடைத்துக்கொண்டால் வால்வைத் திருப்பித் தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட வேண்டும். அழுக்கெல்லாம் கிளம்பிச் சாக்கடைக்குப் போய்விடும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் துரை இதை எனக்கு விளக்கியபோது ஏதோ கப்பலை ஒப்படைப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

அந்த வருட மழையில் மேட்டு மண் சரிந்து குளத்தில் இறங்கிவிட்டது. செம்மண்ணும் பாசியும் குழம்பி, எருமைகூட இறங்க யோசிக்கும் நிலைக்கு வந்தது தண்ணீர். அந்த நேரம் பார்த்துத் துரை, பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்களை ஞாயிற்றுக்கிழமை நீச்சல் பந்தயத்துக்கு அழைத்துவிட்டார்.

எனக்குப் பந்தயத்தில் அக்கறை இல்லை. என் கவலை குழாய். என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து ஆற்றுக்கு வழுக்கும் சரிவில் இறங்கி, குடத்தைச் சுமந்துகொண்டு ஏற வேண்டும். நான் எடுத்து வருகிறேன் என்றால், நான் ஆலைக்குப் போன பிறகு அவளே போய்விடுவாள். ஒருமுறை வழுக்கி உட்கார்ந்து எழுந்து வந்ததை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. குளம் கட்டி மிஞ்சிய இரும்புக் குழாய்கள் பம்புக் கொட்டகையின் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றைப் பூட்டினால், குளத்தை நிரப்ப ஆற்றிலிருந்து பம்பு இழுக்கும் தண்ணீர் லயம் வரைக்கும் வரும். துரையிடம் கேட்டேன். அவர், ஞாயிற்றுக்கிழமை குளத்தின் அடியில் ஒரு வெள்ளைத் தட்டைப் போடுவேன், மேலே நின்று பார்த்தால் அது தெரிய வேண்டும், தெரிந்தால் குழாய் உங்களுக்கு என்றார். தெரியாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

படிகாரம் கரைத்து ஊற்றினேன். ஆசிட் விட்ட ரப்பர் பால்போல அழுக்கு திரண்டு, மெல்ல அடியில் படிந்தது. பழைய மணல் சேறாக இறுகிப் போயிருந்ததால் அதை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மணல் நிரப்பினோம். 'நிரப்பினோம்' என்றால் நானும் ஆலை மண்டோரும். மண்டோர் என்றால் மேஸ்திரி, என் மேலாள். பக்தியில் அவரை மிஞ்ச ஆளில்லை. பொட்டு வைக்காத இயந்திரத்தின் பக்கத்தில்கூட நிற்க மாட்டார்.

மாரியம்மன் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. மஞ்சள் நீராட்டுக்கு அரைத்து மிஞ்சிய மஞ்சளை ஒரு பானையில் கரைத்து எடுத்து வந்தார். பீப்பாய்க்குப் பட்டை போட்டார், சூடம் காட்டினார். அதோடு விட்டாரா? வெளியே பூசினால் அது இரும்புக்குத்தானே, வேலை செய்யப்போகிற மணலுக்கு என்ன செய்தோம் என்று கேட்டு, பானையை அப்படியே உள்ளே கவிழ்த்துவிட்டு மூடியை முடுக்கினார்.

புது மணலை முதலில் கழுவி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதுதான் முறை என்றேன். மண்டோர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆத்தாவுக்குக் காட்டுன மஞ்சத்தண்ணி தம்பி. சாக்கடையில விடலாமா? நீயும் புள்ளத்தாச்சிக்காரிய வீட்டுல வச்சிருக்க."

நானும் சாமிக்குப் பயந்தவன்தான். பம்பை ஓட்டினோம்.

அடியில் படிந்த அழுக்கை உறிஞ்ச, நீண்ட கழியின் முனையில் ஒரு பித்தளைத் தலை உண்டு. அதிலிருந்து ரப்பர் குழாய் பம்புக்குப் போகும். அவசரப்படக் கூடாது. வேகமாகத் தள்ளினால் படிந்ததெல்லாம் புகையாகக் கிளம்பிவிடும். தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போவதுபோல நகர்த்த வேண்டும். அப்படித்தான் நகர்த்தினேன். பித்தளைத் தலை போன வழியெல்லாம் சிமெண்டுத் தரை பாதைபோல வெளுத்துத் தெரிந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, சீட்டி அடித்தேன். பிறகு தண்ணீர் திரும்பும் மூலையைப் பார்த்தேன். சீட்டி நின்றுவிட்டது. மூலையெல்லாம் மஞ்சள்.

கையில் இருந்தது பிளீச்சிங் பவுடர். துணியை வெளுப்பது மஞ்சளை வெளுக்காதா என்று ஒரு வாளியில் கரைத்து அந்த மூலையில் ஊற்றினேன். அதில் சுண்ணாம்பு இருப்பது நினைவில் இல்லை. மஞ்சள் ஒரு நொடியில் ரத்தச் சிவப்பாகிவிட்டது. மண்டோர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சோறு கொண்டுவந்த மனைவி தூக்குச்சட்டியோடு கரையில் நின்று எட்டிப் பார்த்தாள். தனக்கு வரவேண்டிய குழாய் அந்தச் சிவப்பில் கைநழுவிப் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, எந்த மாப்பிள்ளைக்கு இவ்வளவு ஆலம் கரைச்சிருக்கீங்க?"

சரியாக அப்போதுதான் துரை வந்தார். மூலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மண்டோர் பானையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன். என் மனைவிதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"விருந்தாளிங்க வர்றாங்கல்ல தொரை. கொளத்துக்கு ஆலம் சுத்தியிருக்கோம். வெயில் பட்டா வெளுத்துடும்."

துரை கல்யாணம் முடித்துத் துரைசானியோடு வந்து இறங்கிய அன்று, இதே மண்டோர்தான் பங்களா வாசலில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலம் சுற்ற ஏற்பாடு செய்தவர். அந்தச் சிவப்புத் தண்ணீர் துரைக்கு நினைவிருந்தது. துரைசானியின் வெள்ளைச் செருப்பில் அது தெறித்த கதையைத் தம் உடைந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். ஆனால் போகும்போது, தட்டு தெரிந்தால்தான் குழாய் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைக்காரன் சிரித்தாலும் கணக்கில் கெட்டி.

மஞ்சள் கறை வெயிலில் போகும் என்பது சேலை துவைக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் வெயில் வேண்டுமே. அந்த மழைக்காலத்தில் நான் வானத்தைப் பார்த்ததுபோல் எந்த விவசாயியும் பார்த்திருக்க மாட்டான். மண்டோர் இந்த முறை வாய் பேசாமல் வால்வைத் திருப்பிவிட, மிச்ச மஞ்சள் சாக்கடையோடு போனது. அவர் மட்டும் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சனிக்கிழமை வெயில் அடித்தது, நல்ல வெயில். பவுடரும் வெயிலும் சேர்ந்து சிவப்பைத் தின்றுவிட்டன. நான் மறுபடி கழியைப் பிடித்து, ஒரு மூலை விடாமல் உறிஞ்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை துரை தட்டைப் போட்டார். ஆடி ஆடி இறங்கி அடியில் உட்கார்ந்தது. அதன் விளிம்பில் ஓடிய நீலக் கோடுகூடத் தெரிந்தது. பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அப்போதே குழாய்களைத் தோளில் ஏற்றத் தொடங்கிவிட்டேன்.

லயத்து முனையில் குழாயைப் பூட்டி முடித்த அன்று கூட்டம் கூடிவிட்டது. முதல் குடம் என் மனைவியுடையது என்று எல்லோரும் விட்டுக் கொடுத்தார்கள். மண்டோர் குளித்து முழுகி, கையில் ஒரு பானையோடு வந்து சேர்ந்தார். பானைக்குள் என்ன என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"வெளிய எவ்வளவு வேணா பூசுங்கண்ணே. உள்ள மட்டும் வேணாம்."

மண்டோர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே சிரித்துவிட்டார். வெளியே மட்டும் பொட்டு வைத்தார். அவள் கையை எடுத்தாள். குழாய் இருமியது, துருத் தண்ணீரைத் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டியது. இடுப்பில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையுமாக, குடம் நிரம்பி வழியும்வரை சும்மா நின்றாள் அவள்.