செலவே செய்யாத வரிதாரர்

என் பெயரில் வருமான வரி ஃபைல் திறக்கப்பட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் அப்பாவுக்கு வத்தல், மல்லி கமிஷன் கடை. அந்த வருடம் எனக்கும் தம்பிக்கும் சேர்த்துக் காது குத்தினார்கள். குலசாமி கோயிலில் மொட்டை, ஊருக்குத் திரும்பி மண்டபத்தில் சாப்பாடு. வாசலில் மேசை போட்டு மொய் எழுதினார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை மைக்கில் வாசித்தார்கள்.

அடுத்த மாதம் விருதுநகரிலிருந்து ஆடிட்டர் வந்தார். வந்த மொய்யைப் பிரித்து, ஒரு பகுதி எனக்கும் ஒரு பகுதி தம்பிக்கும் உறவினர்கள் கொடுத்த அன்பளிப்பு என்று எழுதினார். அந்தப் பணத்தை நான் அப்பாவின் கடைக்கு வட்டிக்குக் கொடுத்தேன். கடை எனக்கு வட்டி கொடுத்தது. வட்டி அசலோடு சேர்ந்து வளர்ந்து, வரம்பைத் தாண்டியதும் நான் வரி கட்டத் தொடங்கினேன். இத்தனையும் எனக்குத் தெரியாமல், நான் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த வருடங்களில் நடந்தன.

மொய் செய்தவர்களின் வீட்டு விசேஷங்களுக்குத் திருப்பிச் செய்தது அப்பா. எம்.ரெட்டியபட்டி, வீரசோழன் என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கு பஸ் ஏறிப் போய், வாங்கியதற்குக் கொஞ்சம் கூட வைத்துச் செய்துவிட்டு வருவார். வாங்கியது நான், திருப்பிக் கொடுத்தது அவர். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் மொய் வீட்டுக்காரருடையது, பிள்ளையுடையது இல்லை என்பார்கள். வருமான வரி அலுவலகம் எங்கள் ஊரில் யாரையும் கேட்கவில்லை.

பிள்ளைகள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். அன்றைய பதில் இதுதான்: பணம் தாய் தந்தையிடமிருந்து வந்ததாக இல்லாவிட்டால், அதன் வருமானம் பிள்ளையுடையது. வரம்பைத் தாண்டினால் பிள்ளை பெயரில் தனிக் கணக்கு. கார்டியன் கையெழுத்துப் போடுவார். எல்லாம் ஒருவர் தலையில் விழுந்தால் வரி கூடுதல், நாலு தலையில் பிரித்தால் குறைவு. பஜாரில் பல வீடுகளில் பால்பல் விழாத வரிதாரர்கள் இருந்தார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் பேச்சு.

வீட்டில் அது ஒரு கேலியாகவும் இருந்தது. ஏழாம் வகுப்பில் ஸ்கெட்ச் பேனா கேட்டேன். சித்தப்பா சொன்னார்: "அதுகிட்ட நம்மதான் கடன் கேக்கணும். அது கவர்மெண்டுக்கே வரி கட்டுற ஆளு." எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கெட்ச் பேனா வரவில்லை.

எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வருமான வரி அலுவலகத்திலிருந்து வந்தவை. அவை கடை விலாசத்துக்கு வரும். ஒன்றையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மதுரையில் பெண்கள் கல்லூரியில் பி.ஏ. சேர வேண்டும் என்றேன். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. வத்தல் விலை இறங்கிக் கிடக்கிறது, வரத்தும் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். என்னோடு படித்தவள் ஒருத்தி சேர்ந்துவிட்டாள். விடுமுறைக்கு வந்தவள் ஹாஸ்டல் சாப்பாட்டைக் குறை சொன்னாள். எனக்கு அந்தச் சாப்பாட்டின் மேல் பொறாமையாக இருந்தது. நான் ஒரு வருடம் வீட்டில் தட்டச்சு வகுப்புக்கும் போகாமல் இருந்தேன். அடுத்த வருடம் விண்ணப்பம் வாங்கி நிரப்பி வைத்தேன். அதற்கும் அப்பாவிடமிருந்து பதில் இல்லை. என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் ரொம்பப் படித்த பெண் வேண்டாம் என்று சொன்னதாக அம்மா தகவல் சொன்னாள். இன்னும் ஒரு வருடம் தவறினால் அப்புறம் கல்லூரி இல்லை, கல்யாணம்தான் என்பது எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில் எனக்குப் பதினெட்டு முடிந்தது. இனிமேல் என் கணக்கில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுப் பெண்கள் கமிஷன் கடைக்குப் போவதில்லை. அதனால் ஃபைல் வீட்டுக்கு வந்தது, ஆடிட்டரோடு. கையெழுத்து ஒரு காரணம். இன்னொரு காரணம், வருமான வரி அதிகாரி என் கணக்கைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டு எழுதியிருந்தார்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஆடிட்டர் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கடையில் லோடு இறங்குகிறது, சீக்கிரம் என்றார். நான் படித்து முடித்தேன். கடை எனக்குக் கொடுக்க வேண்டிய தொகை என்று ஒன்று அதில் இருந்தது. மூன்று வருடக் கல்லூரிக்கும் ஹாஸ்டலுக்கும் போக மிச்சம் இருக்கும் தொகை.

இதிலிருந்து நான் படிக்கலாமே என்றேன்.

"அது உன் பேர்ல இருக்குத்தா," என்றார் அப்பா. "உன்னுது இல்ல."

பொறுமையாகத்தான் சொன்னார். சின்னப் பிள்ளைக்குப் புரியவைக்கும் குரல். நான் வரி கட்டுகிறேன் என்று சர்க்கார் நம்பியது. பணம் என்னுடையது என்று சட்டம் சொன்னது. என் பெயரையும் வயதையும் தவிர அந்தக் காகிதத்தில் எதுவும் என்னுடையது இல்லை என்று அப்பா சொன்னார். அதில் கையெழுத்துப் போடச் சொன்னதும் அவர்தான். போட்டேன்.

அதன் பிறகு ஆடிட்டர் அதிகாரியின் கேள்விக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இத்தன வருசத்துல பிள்ளை ஒரு ரூபாகூட எடுக்கல. சம்பாதிக்கிற ஆளு செலவே செய்யாம இருக்குமான்னு கேக்காரு."

"பிள்ளைக்கு என்ன சார் செலவு? வீட்ல சாப்பிடுது, வீட்ல இருக்குது."

"அதத்தான் அவரும் சொல்றாரு. அப்ப இது ஒங்க பணம், பிள்ளை பேர்ல போட்டு வச்சிருக்கீகன்னு. மொத்தத்தையும் ஒங்க கணக்குல சேத்துட்டா வட்டி, அபராதம் எல்லாம் வரும்."

அப்பா அபராதம் எவ்வளவு வரும் என்று கேட்டார். ஆடிட்டர் ஒரு தொகை சொன்னார். பழைய வருடங்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது, இனிமேலாவது பிள்ளை பெயரில் உருப்படியாக ஒரு செலவு இருந்தால், ரசீதோடு இருந்தால், பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்றார் ஆடிட்டர். நகை வாங்கலாமா என்று அப்பா கேட்டார். நகை செலவில்லை, அதுவும் சொத்தாகிவிடும் என்றார் ஆடிட்டர். வைத்தியச் செலவு? பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லையே. இரண்டு பேரும் எனக்கு ஒரு செலவைத் தேடினார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நிரப்பி வைத்த விண்ணப்பம் அடுத்த அறையில் இருந்தது.

கடைசியில் ஆடிட்டர்தான், என் பக்கம் திரும்பாமல், பிள்ளை ஏதோ படிப்பு என்று சொல்லுச்சே என்றார்.

ஒரு வருடம் நான் கேட்டுக் கேட்டு நடக்காதது, ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் முடிந்தது. ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவு, ரசீது கொடுப்பார்களா என்று அப்பா ஆடிட்டரைக் கேட்டார். என்னைக் கேட்டிருந்தால் பைசா சுத்தமாகச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா என்னிடம் வந்து, "அவுக மனசு எறங்கிட்டாக, ஒன்ன காலேசுக்குப் போகச் சொல்லிட்டாக," என்றாள். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. யாருடைய மனசும் இறங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மதுரைக்கு அப்பாவும் நானும் போனோம். சேர்க்கைக் கட்டணம் என் பெயரில் ரசீதாயிற்று. ஹாஸ்டல் முன்பணத்தில்தான் தகராறு. படிப்பு முடிந்ததும் பெற்றோரிடம் திருப்பிக் கொடுக்கும் பணம் என்பதால், கவுன்டரில் இருந்தவர் வழக்கப்படி அப்பா பெயரில் எழுதிவிட்டார். அப்பா ரசீதைப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"பிள்ளை பேர்ல போடுங்க."

"அப்பா பேர்லதான் சார் போடுவோம். பணம் நீங்கதானே கட்டுறீங்க?"

"நான் கட்டல. அது கட்டுது. அதோட பணம்."

கவுன்டர்காரர் என்னைப் பார்த்தார். பதினெட்டு வயது, இரட்டைச் சடை, கையில் மஞ்சள் பை. என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் அதையே திரும்பச் சொன்னார், இந்த முறை சத்தமாக. வரிசையில் எங்களுக்குப் பின்னால் மகளோடு நின்ற ஒரு அம்மாள், "பாத்தியா, பொண்ணு பேர்ல எழுதச் சொல்றாரு, எப்பேர்ப்பட்ட அப்பா," என்று மகளிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பழைய ரசீதை அடித்து, புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நான் தொடுவதற்குள் அப்பா மடித்துப் பைக்குள் வைத்தார். ஆடிட்டருக்குப் போக வேண்டுமே.

மூன்று வருடமும் அப்பாவின் கடிதங்கள் ஒரே மாதிரி இருந்தன: நலம், வத்தல் விலை, ரசீது அனுப்பு. மெஸ் பில்லைக்கூட விடமாட்டார். அதிகாரி கணக்கை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நடுவில் ஒரு கடிதம் வந்தது. இனி ரசீது தேவையில்லை, ஊருக்கு வா என்று அடுத்த கடிதம் வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். வரவில்லை. வருடா வருடம் கேட்பார்கள் என்று ஆடிட்டர் சொல்லி வைத்திருந்தாராம்.

நான் பட்டம் வாங்கிய வருடம்தான் சட்டம் மாறியது. பிள்ளை தன் உழைப்பிலும் திறமையிலும் சம்பாதித்தால் ஒழிய, மைனரின் வருமானம் இனி தாய் தந்தையரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். தம்பியின் ஃபைலை மூடினார்கள். "பய வருமானத்தயும் என் தலையில கட்டிட்டாக," என்று அப்பா பல நாள் புலம்பினார்.

நாலைந்து வருடம் கழித்துத் தம்பியைக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்த்தார். அதற்கு ஆடிட்டர் யாரும் வீட்டுக்கு வரவில்லை.