அப்பாவின் முழங்கை

எங்கள் வீட்டில் விமானம் கட்டியவர் அம்மா. இதைச் சொன்னால் இன்றும் சிலர், "அப்பாவா?" என்று திருத்தப் பார்ப்பார்கள். அம்மாதான். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில், எங்கள் கராஜில், காரை மழையில் நனையவிட்டுக் கட்டினார். காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி நாரும் ரெசின் பசையும் பூசிப் பழகிய கை அவருடையது. "அவ்வளவு பெரிய செட்டையே செய்யிறன், இது என்ன பெரிய வித்தையே?" என்பார். விமானம் ஓட்டும் லைசன்ஸும் எடுத்து வைத்திருந்தார்.

அப்பாவுக்கும் விமானத்துக்கும் ஆகாது. டென்மார்க்குக்கு வந்து இறங்கியதோடு சரி. லண்டனில் நடந்த ஒரு கலியாணத்துக்குக்கூட எங்களைக் காரிலும் கப்பலிலும் ஏற்றி, தாலி கட்டி முடிந்த பிறகு கொண்டுபோய்ச் சேர்த்தவர். தோட்டத்துக்கு மேலே சின்ன விமானம் ஒன்று இரைந்தாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுவார். எட்டு வயதுக்காரியான நான் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் என் வயதில், குண்டு போட வரும் விமானங்களின் இரைச்சலைக் கேட்டுப் பங்கர்க் குழிக்குள் ஓடியவர் அவர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆசனங்கள். ஆசனத்துக்கும் சுவருக்கும் இடையே, முழங்கை வைக்கும் உயரத்தில், நீளமாக ஒரு பெட்டி வரும். சைட் கொன்சோல் என்பார் அம்மா. இடப்பக்கம் அம்மாவுடையது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி அதில்தான். முதலில் அளவு பார்க்க வாழைப்பழப் பெட்டி அட்டையை வெட்டி வைத்து, உட்கார்ந்து, எழும்பி, மறுபடி வெட்டி அதை முடித்துவிட்டார். வலப்பக்கம்தான் இழுபட்டது. உயர்ந்தால் தோளைத் தூக்கும், அகன்றால் தொடையை இடிக்கும். உட்காரப்போகிறவரின் அளவு தெரியாமல் செய்ய முடியாது.

நான் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு அளவெடுக்கச் சொன்னேன், ஜூஸ் வைக்க ஒரு குழியும் கேட்டேன்.

"இறங்கு பிள்ளை. அது அப்பாவின்ர இடம்."

"அப்பா ஏறமாட்டாரே!"

"ஏறாட்டிச் சும்மா கிடக்கட்டும். வேற ஆருக்கும் செய்யமாட்டன்."

அப்பாவோ, பறக்கிறது கிடக்கட்டும், அந்த அட்டைக்குள்கூட இருக்கமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு பேருமே தாம் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆட்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு சாப்பிட்டுவிட்டு, அப்பா சோபாவில் இருந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா அளவுநாடாவோடு வந்தார். சத்தம் போடாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் கள்ளர்களைப்போல் குனிந்து இடுப்பை அளந்தோம், தொடையை அளந்தோம். முழங்கையில் மாட்டிக்கொண்டோம். கை தொங்கிக் கிடந்தது. மடக்காமல் உயரம் எடுக்க முடியாது, தொட்டால் எழும்பிவிடுவார்.

திடீரென்று குறட்டை நின்றது. கண்ணைத் திறக்காமலே அப்பா கையை மடக்கி, இல்லாத கொன்சோல் ஒன்றின்மேல் வைத்ததுபோல அந்தரத்தில் அப்படியே பிடித்தார். அம்மா பாய்ந்து அளந்தார். கை இறங்கியது. குறட்டை முன்னதைவிடப் பலமாகத் தொடங்கியது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கராஜுக்கு ஓடினார். சிரிப்பை அடக்குகிறார் என்று நானும் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவருடைய கண் கலங்கியிருந்தது. கடுமையாகச் சிரித்தால் கண்ணீர் வரும்தானே.

விமானம் முடிந்த கோடையில், பறக்கும் கழகத்தின் புல்வெளியில், யாரும் கேட்காமலே அப்பா வந்து வலப்பக்கத்தில் ஏறினார். முழங்கை கொன்சோலில் கச்சிதமாக உட்கார்ந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. நித்திரையில் வைத்து அளவெடுத்த கதையைப் போட்டுடைத்துவிட்டேன்.

"அப்பிடியே? எனக்கொண்டும் தெரியாதே பிள்ளை," என்றார்.

எஞ்சின் இரைந்தது. அப்பா கொன்சோலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அன்று சோபாவில் இருந்தது போலவே, கண்ணை மூடிக்கொண்டார். மனுசன் திரும்பவும் நித்திரையாகிவிட்டார் என்று புல்லில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு தடவையும் அவர் விழித்துத்தான் இருந்தார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.