பல்லுக்கு மேடு தெரியுமோ?

2004ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பூங்காவின் மேட்டில் நடந்தது இது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு கவுன்சிலில் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்து, எந்த விதியின்படி அவற்றை நிராகரிக்கலாம் என்று கண்டுபிடிப்பதே என் தொழிலாக இருந்தது. அதில் நான் கெட்டிக்காரன். ஓய்வு பெற்றபின் நிராகரிக்க ஒன்றும் கிடைக்காமல், பாலைவனத்துக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

அமெரிக்காவின் தென்மேற்கில் ஒரு பாலைவனத் தேசியப் பூங்கா. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த நண்பன் ஒருவன் அங்கிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் இருந்தான். மூன்று நாள் தங்கி, மலையிடுக்குகளில் நடந்து, பாறைகள் சிவப்பதைப் பார்த்துவிட்டு வருவதாக மின்னஞ்சலில் பேசி முடித்தோம். மனைவிக்குச் செய்தி பிறகுதான் போனது.

"இஞ்சேருங்கோ, வெய்யில்தான் வேணுமெண்டால் ஊருக்குப் போவமே. இப்ப சண்டை நிண்டு பாதையும் திறந்திருக்கு. அங்கை வெய்யில் சும்மா கிடைக்கும்," என்றாள்.

நான் ஒரு கோப்பைத் திறந்து அதற்கு நிறப் பிரிவுகள் வைத்தேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எந்தப் பாதையில் நிழல் இல்லை, எங்கே கைத்தொலைபேசி வேலை செய்யாது, எத்தனை மணிக்குப் புறப்பட்டால் வெயிலுக்கு முன் திரும்பலாம் எல்லாம் அதில் இருந்தன. கொண்டுபோன தண்ணீரில் பாதி தீர்ந்ததும் வந்த வழியே திரும்பிவிட வேண்டும் என்ற விதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

அவ்வளவு தண்ணீரையும் முதுகில் சுமக்க வேண்டுமே, அதற்குப் பயிற்சி தேவை. அதனால் முதுகுப்பைக்குள் புழுங்கல் அரிசி மூட்டை ஒன்றை இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு காலையும் பூங்கா மேட்டில் ஏறினேன். உடற்பயிற்சிக் கடையில் விற்கும் இரும்பைவிட அரிசி நல்லது. பயிற்சி முடிந்ததும் சாப்பிடலாம். "நீங்கள் ஊர் சுத்திக் காட்டின அரிசியைத்தான் நான் உலையிலை போடவேணுமோ?" என்று மனைவி கேட்டாள். போட்டாள்.

இரண்டாம் வாரம் போல, ஏறும்போது கீழ்த்தாடையில் ஒரு வலி தொடங்கியது. பல் என்று முடிவு கட்டினேன். பல் மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்தேன், அதுதான் முறை. அதுவரைக்கும் கிராம்பு ஒன்றைக் கடித்துக்கொண்டு நடந்தேன். மேட்டில் பாதி தூரம் போனதும் வலி வரும். அங்கே ஒரு வாங்கு இருந்தது. சற்று உட்கார்ந்தால் நின்றுவிடும். கிராம்பின் மகிமை என்று நினைத்தேன்.

அதே பாதையால் ஒரு தமிழ்ப் பெண் வேலைக்குப் போவார். நாற்பது வயதிருக்கும். லண்டனில் முன்பின் அறியாத இரண்டு தமிழர் எதிரெதிரே வந்தால் யார் முதலில் சிரிப்பது என்பது பெரிய சிக்கல். இருவரும் மரங்களைப் பார்த்துக்கொண்டு கடந்து போவதுதான் வழக்கம். நாங்களும் மரங்களை நன்றாகப் பார்த்தோம். பிறகு ஒரு நாள் மழை வந்தது. ஒரே மரத்தின் கீழே ஒதுங்க வேண்டியதாயிற்று. கணவர் இறந்தபின் ஜெர்மனியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்தவர் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு தலையசைப்பு, "சுகமோ", "ஓம், சுகம்" என்ற அளவில் பழக்கம்.

அன்றைக்கு நான் வாங்கில் உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "சுகமோ" என்றார். "ஓம், சுகம்" என்றேன். நாலடி போனவர் திரும்பி வந்தார்.

"அண்ணை, நேற்றும் இதிலைதானே இருந்தனீங்கள்? முந்தநாளும்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. பல்லு."

"கீழை இறங்கேக்கை நோகுமோ?"

"இல்லை."

"வீட்டிலை?"

"இல்லை. ஏறேக்கைதான்."

அவர் என்னையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பல்லுக்கு மேடு தெரியுமோ, அண்ணை?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. நெஞ்சு இறுக்குதோ, கை உளையுதோ என்றெல்லாம் கேட்டார். சிறிது இறுக்கம் இருந்ததுதான். அரிசியின் கனம் என்றேன். உடனே பையை என் முதுகிலிருந்து கழற்றினார். "எழும்ப வேண்டாம். நான் அம்புலன்சுக்கு அடிக்கிறன்."

நான் மறுத்தேன். முதலில் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுக்க வேண்டும், அவர் பார்த்துக் கடிதம் தருவார், அதன் பிறகுதான் நிபுணர், ஆம்புலன்ஸ் என்பது உண்மையான நோயாளிகளுக்கு உரியது என்று விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"என்ரை மனுசனும் தோள்மூட்டு நோகுதெண்டு எண்ணெய் பூசிக்கொண்டுதான் இருந்தவர்," என்றார். "நானும் பூசிவிட்டனான், அண்ணை."

அதற்குமேல் எனக்கு விதி எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆம்புலன்சில் அவரும் ஏறினார். வழியில் வேலையிடத்துக்குப் போன் பண்ணி, வர ஏலாது என்றார். அந்த முனையில் யாரோ கத்துவது எனக்கும் கேட்டது. மருத்துவமனையில் தாதி, "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, "பிரதர்" என்று தயங்காமல் சொன்னார். தவறான தகவல்களைத் திருத்தியே சம்பளம் வாங்கியவன் நான். அதைத் திருத்தவில்லை.

என் மனைவி வந்து சேரும்வரை அவர் போகவில்லை. மடியில் என் முதுகுப்பையை வைத்து, அரிசியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். மனைவி பிற்பாடு சொன்னாள்.

இதயத்துக்குப் போகும் குழாய்களில் இரண்டு ஏறத்தாழ அடைபட்டிருந்தன. மறுநாளே அடைப்பைத் திறந்து, உள்ளே சிறு கம்பிவலைக் குழாய் வைத்தார்கள். அடுத்த மாதம் எங்கே போவதாக இருந்தேன் என்று சொன்னபோது மருத்துவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அங்கே நானும் முழங்கால் நோயுள்ள என் நண்பனும் மட்டும்தான் இருந்திருப்போம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவரும் இல்லாத மலையிடுக்கு. நான் கிராம்பைக் கடித்துக்கொண்டு ஒரு பாறையில் சாய்ந்திருப்பேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். அந்தக் காட்சி இப்போதும் எனக்கு அடிக்கடி வருகிறது.

ஒன்றரை வருடம் கழித்து, மருத்துவரின் சம்மதத்தோடு அந்தப் பாலைவனத்துக்குப் போனேன், மனைவியோடு. மேடில்லாத குறுகிய பாதை ஒன்றில் காலை வேளையில் மெதுவாக நடந்தோம். பாறைகள் சிவந்தன. "வடிவாய்த்தான் இருக்கு," என்று மனைவி ஒப்புக்கொண்டாள். அவளிடமிருந்து அது பெரிய சான்றிதழ். அங்கிருந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு படத் தபாலட்டை அனுப்பினோம். அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கி அப்போதே பல மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய பிள்ளைகள் என்னை மாமா என்று அழைக்கிறார்கள்; படிவங்கள் நிரப்ப என்னிடம்தான் வருகிறார்கள்.

அவர் அன்று மருத்துவம் ஒன்றும் செய்யவில்லை. நாம் ஆயிரம் தடவை கேட்டுவிட்டுக் கடந்துபோகும் கேள்வியைக் கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலை நம்பாமல் திரும்பி வந்தார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் நானும் யாரையாவது சுகம் விசாரித்தால், அவர் உண்மையைச் சொல்லும்வரை நிற்கிறேன். சிலர் சொல்லத் தொடங்கினால் முடிக்கவே மாட்டார்கள், என் பேருந்தும் போய்விடும். எனக்காக ஒருவர் ஒரு நாள் வேலையையே விட்டிருக்கிறார் என்பதால், நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.